பழைய மின்விசிறி மோட்டார்கள்: ரீவைண்டிங் ஏன் கடைசி வழியாக இருக்க வேண்டும்

பூர்வீக வீட்டை இடித்தபோது பரணிலிருந்து இரண்டு மேசை விசிறிகளும் கனமான ஒரு கூரை விசிறியும் கிடைத்ததாகவும், பழைய டேப் ரெக்கார்டரிலிருந்தும் கடை ஃப்ரிட்ஜிலிருந்தும் கழற்றிய சிறு மோட்டார்கள் சில ஏற்கெனவே உங்களிடம் இருப்பதாகவும், அருகிலுள்ள வைண்டிங் கடைக்காரர் அனைத்தின் காயிலையும் (கம்பிச் சுருள்) புதிதாகக் கட்டிவிட வேண்டும், அதாவது ரீவைண்டிங் செய்ய வேண்டும் என்று சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது சரிதானா, இவற்றை எப்படி இனங்கண்டு மீண்டும் ஓட வைப்பது, தொடர்ந்து சேகரிக்க விரும்பினால் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பவை உங்கள் கேள்விகள்.

முதல் கேள்விக்கு என் பதில்: வேண்டாம், இப்போதைக்கு வேண்டாம். ஓடாமல் கிடக்கும் பழைய விசிறி மோட்டார்களில் பெரும்பாலானவற்றின் காயில் எரிந்திருப்பதில்லை. எண்ணெய் காய்ந்து இறுகிய புஷ் (தண்டைத் தாங்கும் உலோக உறை), சக்தி இழந்த கண்டென்சர், தொட்டாலே உதிரும் ரப்பர் ஒயர், காயில் கம்பியின் ஈரம் ஏறிய பஞ்சு உறை ஆகிய நான்கில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். இந்த நான்கையும் காயிலைத் தொடாமலே சரிசெய்ய முடியும். அக்காலத்தில் கையால் சுற்றி, நூலால் கட்டி, வார்னிஷில் தோய்த்து வேகவைத்த காயில்தான் ஒரு பழைய மோட்டாரின் மிக மதிப்புள்ள பகுதி. அதை வெட்டியெடுத்துவிட்டால் மிஞ்சுவது பழைய கூட்டுக்குள் இருக்கும் ஒரு புது மோட்டார்தான். எரிந்துவிட்டது என்று அளவீடு உறுதியாகச் சொன்ன பிறகுதான் ரீவைண்டிங் பற்றிப் பேச வேண்டும் என்பதை இந்தத் துறையின் முதல் ஒழுங்காகவே நான் கருதுகிறேன்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். "ஓடுகிறதா பார்ப்போம்" என்று எந்த மோட்டாரையும் நேரடியாகப் பிளக்கில் செருகாதீர்கள். பல பத்தாண்டுகள் சும்மா கிடந்து தப்பித்த மோட்டார்கள் இந்த ஒரு நொடியில்தான் எரிகின்றன.

செருகுவதற்கு முன் அது எந்த மின்சாரத்துக்காகச் செய்யப்பட்டது என்பது தெரிய வேண்டும். மின்விசிறி, ஒரே திசையில் ஓடும் நேர்மின்னோட்டத்தின் (டிசி) காலத்தில் பிறந்த பொருள். அமெரிக்காவில் ஸ்கைலர் வீலர் 1882-இல் இரண்டு இறக்கை கொண்ட மேசை விசிறியை உருவாக்கியபோது வீடுகளுக்குக் கிடைத்தது டிசி மின்சாரம் மட்டுமே. தையல் இயந்திர மோட்டாரைக் கூரையில் மாட்டி இறக்கை பொருத்தும் யோசனையை பிலிப் டீல் அதே பத்தாண்டில் செயல்படுத்தினார். திசை மாறி மாறி ஓடும் மின்சாரத்துக்கான (ஏசி) டெஸ்லாவின் மோட்டார் காப்புரிமைகள் 1888-இல்தான் வந்தன. அதன் பின்னும் பல நகரங்களில் டிசி விநியோகம் நீண்ட காலம் நீடித்தது, கல்கத்தாவின் சில பகுதிகள் அதற்குப் பெயர்பெற்றவை. இந்தியாவில் மின்விசிறித் தயாரிப்பு 1920-களில் அந்நகரிலேயே தொடங்கியதால், பழைய இந்திய விசிறிகளில் டிசி மாதிரிகள் கணிசமாக உண்டு. தமிழ்நாட்டில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இலும் மேட்டூர் நீர்மின் நிலையம் 1937-இலும் மின்சாரம் வழங்கத் தொடங்கிய பிறகு ஏசி பரவலானது. ஆனாலும் சொந்த ஜெனரேட்டர் வைத்திருந்த பங்களாக்களிலிருந்தும், கப்பல்களிலிருந்தும், வணிகத்துக்காக வெளிநாடு சென்றவர்கள் கொண்டுவந்த சாமான்களிலிருந்தும் வேறு மின்னழுத்தத்துக்கான விசிறிகள் இங்கே வந்து சேர்ந்திருக்கின்றன. ஆகவே, நம் ஊர் வீட்டில் கிடைத்தது என்பதாலேயே அது 230 வோல்ட் ஏசி விசிறி என்று முடிவு செய்துவிடக் கூடாது.

நேம் பிளேட் இருந்தால் அதை முதலில் படியுங்கள். வோல்ட், ஹெர்ட்ஸ், வாட், தொடர் எண் ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். அழுக்கை ஈரத் துணியால் மட்டும் ஒற்றியெடுங்கள். பித்தளைத் தகட்டில் எழுத்துகளின் பின்னணியாக இருக்கும் கறுப்புப் பூச்சு சோப்பிலும் பாலீஷிலும் போய்விடும், போனால் திரும்பாது. தகடு இல்லையென்றால் மோட்டாரின் பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள். சுழலும் பகுதியின் ஒரு முனையில் செம்புப் பட்டைகளை அடுக்கிய உருளையும், அதன் மேல் அழுந்தும் இரண்டு கார்பன் பிரஷ்களும் இருந்தால் அது டிசி மோட்டாராகவோ, ஏசி, டிசி இரண்டிலும் ஓடக்கூடிய யுனிவர்சல் மோட்டாராகவோ இருக்கும். சுழலும் பகுதியில் காயிலே இல்லாமல், தகடுகளை அடுக்கிய வெறும் உலோக உருளையாக இருந்தால் அது ஏசி மோட்டார்.

பிரஷ் உள்ள மோட்டாரை ஏசியில் கொடுப்பது ஏன் ஆபத்து என்பதைப் புரிந்துகொள்வது நல்லது. ஷன்ட் முறையில், அதாவது காந்தக் காயிலும் சுழலும் காயிலும் இணையாக இருக்குமாறு, கட்டப்பட்ட டிசி மோட்டாரின் காந்தக் காயிலில் சுற்றுகள் மிக அதிகம். ஏசியில் அந்தக் காயில் மின்னோட்டத்தைத் தடுத்து நிறுத்திவிடுவதால் காந்தப்புலம் உருவாகாது. ஆர்மேச்சர் எனப்படும் சுழலும் பகுதியோ சுழல முடியாமல் மின்னோட்டத்தை அளவுக்கு மீறி இழுத்துச் சூடேறி, பிரஷில் பொறி பறக்க, சிறிது நேரத்தில் கருகிவிடும். சீரியஸ் முறையில் (இரண்டும் தொடராக) கட்டியது ஏசியில் ஓரளவு ஓடும். ஆனால் அதன் காந்தத் துருவங்கள் தகடுகளாக அல்லாமல் ஒரே வார்ப்பு இரும்பாக இருந்தால் அந்த இரும்பே சூடேறும். 220 வோல்ட் டிசி விசிறியை இன்று ஓட்டிப் பார்க்க ஏசியை டிசியாக மாற்றும் ஒரு பிரிட்ஜ் ரெக்டிஃபையர் போதும். 230 வோல்ட் ஏசியை அது மாற்றித் தரும்போது சராசரியாக 207 வோல்ட் கிடைக்கும், விசிறிக்கு அது பொருத்தமான அளவு. அதனுடன் ஃபில்டர் கண்டென்சர் எதையும் சேர்க்காதீர்கள், சேர்த்தால் மின்னழுத்தம் 325 வோல்ட் வரை ஏறிவிடும். இந்த இணைப்பு முழுவதும் மெயின்ஸ் மின்சாரத்தோடு நேரடித் தொடர்பில் இருப்பதால், அனுபவமுள்ள ஒருவர் அருகில் இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம்.

அமெரிக்க விசிறிகளில் வேறொரு சிக்கல் உண்டு. அவை 110 அல்லது 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்கானவை. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் மின்னழுத்தத்தைத்தான் குறைக்கும், நம்முடைய 50 ஹெர்ட்ஸ் அப்படியே இருக்கும். அதனால் விசிறி மெதுவாகச் சுழல்வதோடு இரும்பில் காந்தம் மிகுந்து வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சூடாகும். ஹெர்ட்ஸ் குறைந்த அதே விகிதத்தில் மின்னழுத்தத்தையும் குறைத்து, 115 வோல்ட் விசிறிக்கு 96 வோல்ட் அளவில் கொடுத்தால் அது நீண்ட நாள் நலமாக ஓடும்.

ஏசி மோட்டார்களில் உங்களிடம் இருக்கக்கூடியவை இரண்டு வகை. கடை ஃப்ரிட்ஜின் சிறு விசிறியிலும் பழைய டேப் ரெக்கார்டர்கள் பலவற்றிலும் இருப்பது ஷேடட் போல் மோட்டார். ஒரே காயில், இரும்புத் துருவத்தின் ஒரு மூலையைச் சுற்றி ஒரு தடித்த செம்பு வளையம், அவ்வளவுதான். அந்த வளையம் தன் பகுதியில் காந்தம் எழுவதைச் சற்றுத் தாமதப்படுத்துவதால், காந்தப்புலம் வளையமில்லாத பக்கத்திலிருந்து வளையமுள்ள பக்கம் நோக்கி நகர்வதாக அமைகிறது, சுழலும் பகுதியான ரோட்டாரும் அதே திசையில் சுழல்கிறது. இதன் இழுவிசை மிகக் குறைவு. புஷ்ஷில் எண்ணெய் சிறிது கெட்டியானாலே நின்றுவிடும். இவ்வகை மோட்டார் ஓடவில்லையென்றால் பத்தில் ஒன்பது பங்கு காரணம் எண்ணெய்தான் என்று துணிந்து சொல்வேன்.

மற்றொன்று கண்டென்சர் மோட்டார். ரன்னிங், ஸ்டார்ட்டிங் என இரண்டு காயில்களும், ஸ்டார்ட்டிங் காயிலோடு தொடராக ஒரு கண்டென்சரும் இருக்கும். நம் நாட்டு மேசை விசிறிகளும் கூரை விசிறிகளும் பெரும்பாலும் இவ்வகையே. கூரை விசிறியில் காயில் நடுவில் அசையாமல் இருக்க, வெளிக்கூடு சுழல்கிறது. துருவங்கள் அதிகம் என்பதால் வேகம் குறைவு. 16 துருவம் கொண்ட விசிறியின் காந்தப்புலம் நிமிடத்துக்கு 375 முறைதான் சுற்றும், விசிறி அதற்குச் சற்றுக் குறைவாகவே சுழலும். நான்கு துருவ மேசை விசிறியில் அந்த எண் 1500. கடைக்காரர்கள் 12+12, 14+14, 16+16 என்று சொல்வது கூரை விசிறியில் உள்ள ரன்னிங், ஸ்டார்ட்டிங் காயில்களின் எண்ணிக்கையைத்தான்.

இனி சோதனைக்கு வருவோம். மின்சாரம் கொடுக்கும் முன் கையால் சுழற்றிப் பாருங்கள். உரசல் ஒலி இல்லாமல் சுழன்று தானாக நிற்க வேண்டும். தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் தெரியக் கூடாது, முன்பின்னாகச் சிறிது நகர்வது இயல்பு. பிறகு மல்டிமீட்டரில் காயிலின் தடையை அளந்து எழுதி வையுங்கள். மேசை விசிறியின் காயில்கள் பொதுவாகச் சில நூறு ஓம் காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் கம்பி அறுந்திருக்கிறது என்று பொருள். அப்படியிருந்தாலும் மனம் தளர வேண்டாம். காயிலிலிருந்து வெளியே வரும் ஒயரின் பற்றவைப்பு, மூடியின் ஓரத்தில் நசுங்கிய இடம், வேகம் மாற்றும் சுவிட்ச் ஆகியவற்றில்தான் அறுபடுதல் அதிகம் நடக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பொறுமையாகத் தேடினால் இப்படி மீட்கக்கூடிய காயில்கள் ஏராளம்.

அடுத்தது காயிலுக்கும் இரும்புக் கூட்டுக்கும் இடையிலான இன்சுலேஷன். சாதாரண மல்டிமீட்டர் சில வோல்ட்டில் அளப்பதால் இங்கே அதை நம்ப முடியாது. உயர் மின்னழுத்தத்தில் இன்சுலேஷனை அளக்கும் 500 வோல்ட் மெக்கர் கருவி தேவை, வைண்டிங் கடைகளில் இருக்கும். ஒரு மெகா ஓமுக்கு மேல் இருந்தால் தொடரலாம். குறைவாக இருந்தால் அது எரிந்ததன் அடையாளம் அல்ல, பஞ்சும் காகிதமும் ஈரத்தை உறிஞ்சியிருக்கின்றன என்றே முதலில் கொள்ள வேண்டும். கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் பரணில் கிடந்த மோட்டார் வேறு எப்படி இருக்கும்? ஒரு மரப்பெட்டியில் மோட்டாரை வைத்து, 60 வாட் குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டு, ஈரக்காற்று வெளியேற மேலே சிறு துளை விட்டு, ஓரிரு நாள் அப்படியே வைத்திருங்கள். மீண்டும் அளந்தால் எண் ஏறியிருப்பதைக் காண்பீர்கள். சமையல் ஓவனில் வைத்து அவசரப்படுத்தாதீர்கள். வார்னிஷ் ஏறாத பஞ்சு உறை தாங்கும் வெப்பம் 90 டிகிரிதான், வார்னிஷ் ஏறியது 105 வரை தாங்கும்.

இவற்றில் தேறிய மோட்டாருக்கு முதல் மின்சாரம் சீரியஸ் லாம்ப் வழியாகத்தான் போக வேண்டும். 100 வாட் குண்டு பல்பை மோட்டாரோடு தொடராக இணைத்தால், உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுப் பிரகாசத்தில் எரியும், மோட்டாருக்குத் தீங்கு நேராது. பல்பு மங்கலாக எரிந்து மோட்டார் சோம்பலாகச் சுழலத் தொடங்கினால் நல்ல அறிகுறி. எல்இடி பல்பு இதற்குப் பயன்படாது. வேரியாக் (மின்னழுத்தத்தை மாற்றித் தரும் டிரான்ஸ்பார்மர்) கிடைத்தால் இன்னும் நல்லது, மின்னழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றலாம். ஒரு மணி நேரம் ஓடவிட்டு நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கியவுடன் காயிலின் தடையை மீண்டும் அளந்து பாருங்கள். செம்பின் தடை ஒரு டிகிரிக்குச் சுமார் 0.38 சதவீதம் கூடும். தொடக்கத்தில் 200 ஓம் இருந்தது 230 ஆகியிருந்தால் காயில் சுமார் 40 டிகிரி சூடேறியிருக்கிறது என்று கணக்கிடலாம். அறை வெப்பம் 32 என்றால் உள்ளே 72, இது ஏற்கத்தக்கது. கூட்டைத் தொட்டுப் பார்த்துச் சூட்டை மதிப்பிடும் பழக்கத்தைவிட இது எவ்வளவோ நம்பகமானது, செலவும் இல்லை.

எண்ணெய் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பழைய விசிறிகளை மிகுதியாகக் கெடுத்தது இதில் நடந்த அறியாமைதான். நம் வீடுகளில் விசிறிக்குத் தேங்காய் எண்ணெய் விடுவது வழக்கமாக இருந்தது. அது குளிரில் உறையும். நாள்பட்டால் காறி, வெண்கலப் புஷ்ஷோடு வினைபுரிந்து பச்சைக் களிம்பாகி, தூசியையும் சேர்த்துக்கொண்டு தண்டைச் சுற்றி இறுகிவிடும். அதன் மேல் புது எண்ணெய் விட்டால் பயனில்லை. தண்டை உருவியெடுத்து, புஷ்ஷையும் அதைச் சுற்றியுள்ள, எண்ணெயைத் தேக்கும் ஃபெல்ட் துணியையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி, உலர்த்தி, பிறகு புதிதாக எண்ணெய் ஊட்ட வேண்டும். கழுவும்போது மண்ணெண்ணெயோ தின்னரோ காயிலில் படக் கூடாது. பழைய வார்னிஷ்களில் சில அரக்கினால் ஆனவை, ஸ்பிரிட் பட்டாலே கரைந்துவிடும். காயிலில் உள்ள தூசியை மென்மையான தூரிகையாலும் ஊதுகாற்றாலும் மட்டுமே அகற்ற வேண்டும்.

புஷ்கள் இரண்டு விதம். பழையவற்றில் திடமான வெண்கலப் புஷ் இருக்கும். அது தேய்ந்திருந்தால் லேத்தில் கன்மெட்டல் என்னும் வெண்கல வகையில் புதிதாகக் கடைந்து பொருத்தலாம். தண்டுக்கும் புஷ்ஷுக்கும் இடையே 0.02 முதல் 0.05 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் போதும். பிற்காலத்தவற்றில் வெண்கலத் தூளை அழுத்திச் செய்த நுண்துளைப் புஷ் இருக்கும். எண்ணெய் அந்தத் துளைகளுக்குள்தான் தங்கியிருக்கிறது. அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் துளைகள் அடைபட்டு, பார்வைக்குப் பளபளப்பாகவும் பயனுக்கு உதவாததாகவும் ஆகிவிடும். இளஞ்சூடான எண்ணெயில் ஒரு நாள் ஊறவிடுவதே அதற்கான சிகிச்சை. எண்ணெயைப் பொறுத்தவரை, சோப்புத்தன்மை சேர்க்காத எஸ்ஏஇ 20 தர எண்ணெயோ 32 எண் டர்பைன் எண்ணெயோ சரியானவை. கார் எஞ்சின் ஆயில் அழுக்கைத் தன்னுள் மிதக்கவைப்பதற்காகத் தயாரிக்கப்படுவது, அது ஃபெல்ட்டை அடைத்துவிடும். துரு நீக்கும் ஸ்பிரே எண்ணெயே அல்ல, சில வாரங்களில் ஆவியாகிப் புஷ்ஷை உலர விட்டுவிடும். கூரை விசிறியில் 6201, 6202 போன்ற பால் பேரிங்குகள் இருந்தால் வேலை எளிது. தரமான புதியவற்றை மாற்றிவிடலாம், அதில் பழமையைக் காக்க எதுவும் இல்லை. பழையதையே கழுவிப் பயன்படுத்தினால் கிரீஸை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். தலையாட்டும் விசிறியின் பல்சக்கரப் பெட்டிக்கு மட்டும் கிரீஸ் தாராளமாகத் தேவை. இந்தப் பெட்டியில் உள்ள பித்தளைச் சக்கரம் பல் உடைந்திருந்தால் மாற்று கிடைப்பது அரிது என்பதால், வாங்கும்போதே அதைக் கையால் திருப்பிச் சோதித்துவிட வேண்டும்.

கண்டென்சரை மாற்றுவதில் தயக்கம் வேண்டாம். கூரை விசிறியில் பெரும்பாலும் 2.25 அல்லது 2.5 மைக்ரோஃபாரட், 440 வோல்ட் ஏசிக்கானது இருக்கும். அது 1.8-க்கு இறங்கினாலே விசிறி தளர்ந்து சுழலும். வேகம் கூடட்டும் என்று பெரிய அளவைப் போட்டால் ஸ்டார்ட்டிங் காயில் சூடேறி எரியும், பழைய அளவே இருக்கட்டும். 1970-களின் இறுதிக்கு முற்பட்ட தகரக் கூடு கண்டென்சர்களில் உள்ள எண்ணெய் பிசிபி என்னும் நச்சு வேதிப்பொருளாக இருக்க வாய்ப்புண்டு. அதைத் துளைக்கவோ பிரிக்கவோ கூடாது. கசியாமல் இருந்தால் இணைப்பை மட்டும் துண்டித்துவிட்டு, அழகுக்காக இருந்த இடத்திலேயே விட்டுவைப்பவர்களும் உண்டு. நானாக இருந்தால் படமெடுத்துக்கொண்டு மின்கழிவு எடுப்பவர்களிடம் சேர்த்துவிடுவேன்.

பிரஷ் உள்ள மோட்டாரில் கம்யூட்டேட்டரின் (செம்புப் பட்டை உருளை) மேல் சாக்லேட் நிறப் படலம் இருந்தால் அதைச் சுரண்டாதீர்கள், ஆரோக்கியமான மோட்டாரின் அடையாளம் அது. கறுத்துப் பள்ளம் விழுந்திருந்தால் மட்டும் மிக நுண்ணிய கண்ணாடித்தாளால் சுழற்றியபடியே தேய்த்து, பட்டைகளுக்கு இடையிலுள்ள கார்பன் தூளைக் கூர்மையான மரக்குச்சியால் எடுக்க வேண்டும். எமரித்தாள் கூடாது, அதன் துகள்கள் செம்பில் பதிந்து பிரஷை அரிக்கும். ஆர்மேச்சர் காயிலில் ஷார்ட் இருக்கிறதா என்று அறிய வைண்டிங் கடையிலுள்ள குரோலர் என்னும் மின்காந்தச் சோதனைக் கருவியில் வைத்து, மேலே ஹேக்ஸா பிளேடைப் பிடித்தால் பழுதான பள்ளத்தின் மேல் அது அதிரும்.

இவ்வளவுக்குப் பிறகும் காயில் உண்மையிலேயே எரிந்திருப்பது உறுதியானால், ரீவைண்டிங் செய்யத்தான் வேண்டும். அப்போது கடைக்காரரின் நினைவாற்றலை நம்பாமல் நீங்களே பதிவு செய்யுங்கள். எந்தப் பள்ளத்தில் தொடங்கி எந்தப் பள்ளத்தில் முடிகிறது, ஒரு காயிலில் எத்தனை சுற்று, எந்த முனை எதோடு சேர்கிறது என்பவற்றைப் படம் வரைந்து, ஒளிப்படமும் எடுத்துக்கொள்ளுங்கள். கம்பியின் எனாமலைச் சுரண்டிய பின் மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். விசிறிகளில் 34 முதல் 36 வரையிலான கேஜ் அதிகம் பயன்படும். 34 கேஜ் 0.234 மில்லிமீட்டர், 36 கேஜ் 0.193 மில்லிமீட்டர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும், ஆனால் குறுக்குப் பரப்பில் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு வேறுபாடு. பழைய காயிலை எடுக்க ஸ்டேட்டாரை (காயில் சுற்றிய அசையாத இரும்புப் பகுதி) தீயில் போட்டு எரிக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு, அதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். இரும்புத் தகடுகளுக்கு இடையிலுள்ள மெல்லிய இன்சுலேஷன் அதில் கருகிவிட, பிறகு எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் மோட்டார் சூடாகிக்கொண்டே இருக்கும். ஒரு பக்கத்தை வெட்டிவிட்டு மறுபக்கமாக உருவுவதே முறை. கட்டி முடித்ததும் வார்னிஷை மேலே ஊற்றி வெயிலில் வைப்பதோடு நிறுத்தாமல், முழுதும் தோய்த்துச் சூட்டடுப்பில் வேகவைக்கச் சொல்லுங்கள். அதற்குக் கூடுதலாகக் கேட்டால் மகிழ்ச்சியோடு கொடுங்கள். தமிழ்நாட்டில் இந்தக் கைவேலை தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் 1937-இல் மோட்டார் செய்து காட்டிய கோயம்புத்தூர் வட்டாரத்தில், நுணுக்கம் அறிந்த வைண்டர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களிடம் வேலையைக் கொடுப்பதோடு நின்றுவிடாமல் அருகில் அமர்ந்து பார்க்கவும் கேளுங்கள்.

துணி சுற்றிய ரப்பர் ஒயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் மாற்றியே ஆக வேண்டும். உள்ளேயுள்ள ரப்பர் கல்லாகியிருக்கும், வளைத்தால் உடைந்து செம்பு வெளியே தெரியும். துணி உறையிட்ட புது ஒயர்கள் கிடைக்கின்றன, மூன்று கம்பி உள்ளதாக வாங்கி உலோகக் கூட்டுக்கு எர்த் கொடுங்கள். அக்கால விசிறிகளில் இது இல்லை, இருந்தாலும் பழமைக்காக உயிரைப் பணயம் வைக்கத் தேவையில்லை. அதே போலப் பழைய கம்பிக் கூண்டின் இடைவெளிகள் அகலமானவை, குழந்தையின் கை தாராளமாக நுழையும். குழந்தைகள் உள்ள வீட்டில் அது எட்டாத உயரத்தில்தான் இருக்க வேண்டும். பழைய ரெகுலேட்டர் பெட்டியைத் திறக்கும்போது வெண்மையான நார் அட்டை தென்பட்டால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கக்கூடும், சுரண்டாமல் மூடிவிடுங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு மிகுதி என்பதால் உலர்ந்த நிலையில் தேய்க்கக் கூடாது, தண்ணீர் தொட்டுத் தேய்த்துக் கழிவைத் தனியே சேகரியுங்கள்.

பெயின்ட்டைப் பற்றி என் கருத்து சற்றுக் கடுமையானது. முக்கால் பங்கு பழைய பெயின்ட் எஞ்சியிருந்தால் புதிதாக அடிக்கக் கூடாது. மென்மையாகக் கழுவி மெழுகு பூசினாலே அது மீண்டும் உயிர்பெறும். கார் ஒர்க்‌ஷாப்பில் பளபளவென்று அடித்த விசிறி விற்பனைக்கு எளிதாக இருக்கலாம், ஆனால் அது எந்த ஆண்டில் எந்தத் தொழிற்சாலையில் எப்படி முடிக்கப்பட்டது என்பதற்கான சான்று அதோடு அழிந்துவிடுகிறது. பித்தளை இறக்கைகளுக்கு வீட்டுக் குத்துவிளக்குக்குப் பயன்படும் புளியே போதும், உடனே கழுவித் துடைத்துவிட வேண்டும். தேய்க்கும்போது இறக்கையை வளைத்துவிடாதீர்கள். சாய்வுக் கோணம் சிறிது மாறினாலும் விசிறி அதிரும், அதிர்வு புஷ்ஷைத் தின்னும். கூரை விசிறியின் மூன்று இறக்கைகளும் ஒரே எடையில் பொறுக்கிச் சேர்த்த தொகுதி, அவற்றை வேறு விசிறியின் இறக்கைகளோடு கலக்கக் கூடாது.

சேகரிப்பதைப் பொறுத்தவரை, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளும், எந்த ஊரிலும் உள்ள காயலான் கடைகளும் நல்ல தொடக்கம். முன்னதில் தோற்றத்துக்கு விலை வைப்பார்கள், பின்னதில் எடைக்கு. மிலான் நகரத்து மரெல்லி, பிரிட்டனின் ஜிஇசி, கல்கத்தாவின் பழைய உஷா, ஓரியண்ட் ஆகிய பெயர்களை அடிக்கடி காண்பீர்கள். பெயரைவிட முழுமையைப் பாருங்கள். அடித்தட்டு, கூண்டு, அதன் நடுவிலுள்ள பேட்ஜ், வேக சுவிட்சின் குமிழ் ஆகியவை அசலாக இருந்தால், காயில் எரிந்த விசிறியும் வாங்கத் தகுந்ததே. மோட்டார் அருமையாக ஓடினாலும் இவை தொலைந்துவிட்டால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. ரயில் பெட்டி விசிறிகள் விற்பனைக்கு வந்தால் கூடுதல் கவனம் தேவை. அவை பெரும்பாலும் 110 வோல்ட் டிசிக்கானவை, வீட்டு மின்சாரத்தில் உடனே எரியும். மேலும், ரயில்வே சொத்தை முறையற்று வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஏலத்தில் எடுத்ததற்கான ரசீது காட்டாதவரிடம் வாங்காதீர்கள்.

சேர்த்த பின் அவற்றை நெகிழிப் பையில் கட்டி வைக்காதீர்கள், உள்ளே ஈரம் வியர்க்கும். பருத்தித் துணி போர்த்தி, தரையிலிருந்து உயர்த்தி வைத்து, மாதம் ஒருமுறை சிறிது நேரம் ஓடவிடுங்கள். ஓடும் சூடே காயிலை உலர்த்தி எண்ணெயைப் பரப்பிவிடும்.

உங்களிடம் உள்ளவற்றில் ஃப்ரிட்ஜ் மோட்டாரிலிருந்து தொடங்குங்கள். ஒரே காயில், இரண்டு புஷ், தவறு செய்தாலும் இழப்பு சிறிது. அதில் கை பழகிய பின் மேசை விசிறிகளுக்கு வாருங்கள். கூரை விசிறி கடைசியாக இருக்கட்டும். வார்ப்பிரும்புக் கூடு கொண்ட பழைய கூரை விசிறிகளின் எடை மிக அதிகம். தொங்கும் குழாயின் மரை, கொக்கியில் மாட்டும் வளைவான ஷேக்கிளின் ரப்பர், அதன் குறுக்கே போகும் போல்ட், போல்ட்டைப் பூட்டும் பின் ஆகியவற்றைப் புதிதாக மாற்றாமல், பழைய வீட்டின் கொக்கியை நம்பியதுபோல் புது வீட்டின் கொக்கியையும் நம்பி மாட்டிவிடக் கூடாது. முதலில் கட்டுமான வேலைக்குப் பயன்படும் உறுதியான சாரத்திலோ இரும்புச் சட்டத்திலோ தாழ்வாகத் தொங்கவிட்டு, ஒரு முழு நாள் எல்லா வேகத்திலும் ஓட்டி, மறுநாள் ஒவ்வொரு மரையையும் மீண்டும் இறுக்கிப் பார்த்த பிறகே அதைக் கூரைக்கு ஏற்றுங்கள்.